உதிரி லித்தியம் செல்லைக் கல்லாவில் வைத்து விற்கலாமா?



தராசும் எடைக்கல்லும் வைத்துத் தொழில் செய்யும் நமக்கு முத்திரை என்றால் என்னவென்று யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. உரிய காலத்தில் முத்திரை ஆய்வாளரிடம் தராசைக் காட்டி, முத்திரை போட்டு, அந்தச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி கடையில் மாட்டி வைக்கிறோம். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும். ஐம்பது கிராம் குறைந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம், நமக்கு அபராதம், ஊரில் கெட்ட பெயர்.

ஆனால் அதே கடையில், அதே கல்லாவுக்குப் பக்கத்தில், முத்திரையே இல்லாத ஒரு சரக்கு மிட்டாய்ப் பாட்டில்களோடு ஒன்றாக இடம் பிடித்து வருகிறது. மேலே அச்சடித்திருக்கும் அளவும் பல நேரங்களில் பொய். அதுதான் ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல். அரிசியிலும் பருப்பிலும் அளவு பொய்த்தால் நஷ்டத்தோடு போகும். இந்தச் சரக்கில் அளவு பொய்த்தால் தீப்பிடிக்கும்.

ஆகவே உதிரி லித்தியம் செல் விற்பனையை மளிகைக் கடைகளும் ஃபேன்சி ஸ்டோர்களும் அடியோடு நிறுத்திவிட வேண்டும், நம் சங்கமே இதற்கு முன்வர வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

டார்ச் செல் வேறு, இது வேறு

"அண்ணாச்சி, டார்ச்சுக்கு ஒரு ரீசார்ஜ் செல் கொடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் பழைய டார்ச் செல்லை எடுத்துக் கொடுப்பது போலவே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உருவத்தில் இரண்டும் உருளைதான். குணத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மிகவும் புழக்கத்தில் உள்ள லித்தியம் செல்லுக்கு 18650 என்று பெயர். பெயரே அதன் அளவுதான்: குறுக்களவு 18 மில்லி மீட்டர், நீளம் 65 மில்லி மீட்டர், கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிப்பது. டார்ச் செல் 1.5 வோல்ட் தரும். இது சாதாரணமாக 3.6 அல்லது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். பவர் பேங்க், ரீசார்ஜ் டார்ச், தலையில் மாட்டும் விளக்கு, கையடக்க மின்விசிறி, லேப்டாப் பேட்டரி என்று பலவற்றுக்குள்ளும் இந்த வகைச் செல்லைப் பார்க்கலாம்.

சாதாரண டார்ச் செல்லின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால் செல் சூடாகும், கொஞ்ச நேரத்தில் தீர்ந்து போகும். அதற்குள்ளேயே மின்தடை அதிகமாக இருப்பதால் அதிக மின்சாரம் பாயாது. லித்தியம் செல்லுக்குள் மின்தடை மிக மிகக் குறைவு. முனைகள் இணைந்துவிட்டால் ஒரு நொடியில் பல பத்து ஆம்பியர் பாய்ந்துவிடும். அதற்குள் இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக் கூடியது. உள்ளே சுருட்டி வைத்த இரு தகடுகளையும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றுதான் பிரித்து வைக்கிறது. அது சுமார் 130 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். உருகினால் உள்ளேயே ஷார்ட் ஏற்படும், அந்தச் சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். பிறகு ஸ்விட்சை அணைத்தும் பயனில்லை. வாயு பீறிடும், நெருப்புக் கக்கும், சில சமயம் செல்லே வெடித்துப் பறக்கும்.

இன்னொரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தச் செல்லின் மேல்முனையில் உள்ள குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். மற்றபடி உடம்பு முழுவதும் நெகட்டிவ். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு சிறு வளையமும் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். குமிழுக்குப் பக்கத்தில் உறை கிழிந்திருந்தால் ஒரு நாணயமோ சாவியோ பட்டாலே போதும், ஷார்ட் ஆகிவிடும். கல்லாவில் நாணயத்துக்கும் சாவிக்கும் பஞ்சமா?

பவர் பேங்கில் இதே செல் இருந்தாலும் அளவு மீறி சார்ஜ் ஏறாமலும், ஷார்ட் ஆனால் நின்றுவிடும்படியும் காவல் காக்கும் ஒரு மின்சுற்று அதோடு இருக்க வேண்டும். உதிரிச் செல்லில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது.

இ-சிகரெட் கற்றுத் தந்த பாடம்

இந்தச் செல்லைப் பொதுமக்கள் கையில் உதிரியாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை வெளிநாடுகள் பார்த்துவிட்டன. அதைக் காட்டியது இ-சிகரெட். வேப் என்று இளைஞர்கள் சொல்வதும் இதைத்தான். நம் நாட்டில் இது 2019 முதல் முழுத் தடையில் உள்ள சரக்கு. நாம் விற்கப் போவதில்லை, விற்கவும் கூடாது. ஆனாலும் அதன் அனுபவம் நமக்கு வேண்டும். தடை செய்யப்பட்டது கருவிதானே தவிர, அதற்குள் போகும் செல் நம் கடைக்கு வந்து கொண்டுதான் இருக்கிறது.

இ-சிகரெட்டின் வேலை மிகவும் சாதாரணமானது. உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதைச் சுற்றித் திரி, திரியில் நிகோட்டின் கலந்த திரவம். செல்லிலிருந்து மின்சாரம் பாய்ந்து கம்பி சூடானால் திரவம் ஆவியாகும். ஆரம்பத்தில் வந்தவை சில வாட் மட்டுமே எடுக்கும் சிறு கருவிகள். புகை மண்டலமாக வர வேண்டும் என்ற ஆசையில் 100 வாட், 200 வாட் என்று போட்டி போட்டுக் கொண்டு பெரிய கருவிகள் வந்தன. அவற்றுக்கு உதிரி 18650 செல்லை வாங்கிப் போட்டார்கள். சிலர் மின்சுற்றோ ஃபியூசோ எதுவுமே இல்லாத, வெறும் உலோகக் குழாயும் பொத்தானும் கொண்ட கருவிகளையும் பயன்படுத்தினார்கள்.

இங்கேதான் ஒரு சிறு கணக்கு. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம், பொறுமையாகப் பாருங்கள்.

வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் அது எடுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. 6 ஆம்பியர் பிளக்கே அதைத் தாங்கிவிடும். வோல்ட் அதிகம், ஆகவே ஆம்பியர் குறைவு. செல்லில் நிலைமை தலைகீழ். 4.2 வோல்ட் உள்ள ஒரு செல்லோடு 0.2 ஓம் மின்தடையுள்ள கம்பிச் சுருளை இணைத்தால் 21 ஆம்பியர் பாயும், 88 வாட் சூடு கிடைக்கும். சுருளை 0.1 ஓம் ஆக்கினால் 42 ஆம்பியர், 176 வாட். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். விரல் பருமனுள்ள ஒரு செல்லிடம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கேட்கிறோம்.

செல் எவ்வளவு தரலாம்? அதற்கும் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருக்கிறார். அதிக மின்சாரம் தருவதற்கென்றே செய்த நல்ல செல்களுக்கு இந்த எல்லை 20, 25 ஆம்பியர் அளவில் இருக்கும். நீண்ட நேரம் உழைப்பதற்காகச் செய்த செல்களில் பலவற்றுக்கு 10 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. ஒரே பருமன், ஒரே உருவம், ஒரே பெயர்; தாங்கும் சக்தி மட்டும் வேறு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மின்சுற்று உள்ள கருவி என்றால் பயமில்லை என்று சொல்வார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு செல் போட்ட ஒரு கருவியில் 200 வாட் என்று அச்சடித்திருக்கிறது. ஒரு செல்லுக்கு 100 வாட். முழு சார்ஜில், 4.2 வோல்டில், ஒரு செல் தர வேண்டியது ஏறத்தாழ 24 ஆம்பியர். செல் இறங்கி 3.2 வோல்டுக்கு வந்தால் அதே 100 வாட் தருவதற்கு 31 ஆம்பியர் வேண்டும். மின்சுற்றில் வீணாகும் சக்தியையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதாவது செல் களைத்துப் போகும் நேரத்தில்தான் அதன் மேல் சுமை அதிகமாக ஏறுகிறது. நொண்டும் மாட்டின் மேல் மூட்டை ஏற்றுவது போல. பெட்டியின் மேல் அச்சடித்த 200 என்பது கருவி கேட்கும் அளவே தவிர, செல் கொடுக்கக் கூடிய அளவு அல்ல.

இதன் விளைவு என்ன? அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் இ-சிகரெட் தீப்பிடித்த அல்லது வெடித்த 195 சம்பவங்கள் அதில் தொகுக்கப்பட்டன. 133 பேர் காயமடைந்தனர். அவர்களில் 38 பேருக்குப் பலத்த காயம். இவற்றில் 61 சம்பவங்கள் கருவியோ உதிரிச் செல்லோ சட்டைப் பையில், கால்சட்டைப் பையில் சும்மா இருந்தபோது நடந்தவை. பின்னர் 2018-ல் புளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் கருவி வெடித்து ஆளுக்கொருவர் உயிரிழந்தனர். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், உதிரி 18650 செல்லை வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று பொதுமக்களுக்கே நேரடியாக எச்சரிக்கை விடுத்தது. பேட்டரிக் கட்டுகள் தயாரிக்கும் தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்ட செல்களைக் கட்டிலிருந்து பிரித்து உதிரியாக விற்பதே தவறு என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம்.

இங்கிலாந்தும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் இ-சிகரெட்டைத் தடை செய்யாமல் சட்டத்தால் அளந்து விற்க முற்பட்டன. 2016-ல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி திரவத் தொட்டி 2 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது, நிகோட்டின் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் கூடாது. நல்லது. ஆனால் எத்தனை வாட் வரை போகலாம் என்று அந்த விதிகளில் உச்சவரம்பு இல்லை. திரவத்தை அளந்தார்கள், நெருப்பை அளக்கவில்லை. பிறகு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கருவிகள் பெருகி, குப்பை வண்டிகளிலும் குப்பைக் கிடங்குகளிலும் அவற்றின் பேட்டரிகள் தீப்பிடிப்பது பெரும் தொல்லையாகிவிட்டது. 2025 ஜூன் 1 முதல் அவ்வகைக் கருவிகளை விற்பதை இங்கிலாந்து தடை செய்தது. மற்ற வகைகளை விற்கும் கடைக்காரர், பயன்படுத்தியதைத் திரும்ப வாங்கிக் கொள்ளவும் வேண்டும். லண்டனில் கடை வைத்திருக்கும் நம் தமிழர்களும் இந்தச் சுமையைச் சுமக்கிறார்கள். தயாரித்தவர் யாரோ, பொறுப்பு கடைசியில் வந்து விழுவது கடைக்காரர் தலையில்தான்.

நம் கடையில் நடப்பது என்ன?

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் வரும் உதிரிச் செல்லின் மேலுறையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உலகின் பெரிய கம்பெனிகள் செய்யும் நல்ல 18650 செல்லே ஏறத்தாழ 3500 அளவில்தான் நிற்கிறது. அந்தச் சிறிய உருளைக்குள் 9900 அடங்கவே அடங்காது. கால்படி பாத்திரத்தில் ஒரு படி அரிசி இருக்கிறது என்று சொன்னால் நாம் நம்புவோமா? இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

அளவைப் பற்றியே கூசாமல் பொய் சொல்கிறவர், தாங்கும் ஆம்பியரைப் பற்றியோ உள்ளிருக்கும் பிரிப்புத் தாளின் தரத்தைப் பற்றியோ உண்மை சொல்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது? பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் செல்லுக்குப் புது உறை மாட்டிப் புதுச் சரக்கு என்று விற்பதும் நடக்கிறது.

ஒரு சின்னச் சோதனையை நம் தராசிலேயே செய்யலாம். நல்ல 18650 செல் 45 கிராம் அளவில் நிற்கும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் அந்தச் சரக்கு நிச்சயம் சந்தேகத்துக்குரியது. ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டுமே செல் நல்லது என்று ஆகிவிடாது. பழைய செல்லும் அதே எடைதான் இருக்கும்.

நம் கடைகளின் அமைப்பையும் யோசிக்க வேண்டும். கீழே கடை, மேலே குடும்பம். வெளியேற ஒரே வழி, அதுவும் ஷட்டர். உள்ளே எண்ணெய் டின், சாக்கு, அட்டைப் பெட்டி, கற்பூரம், தீப்பெட்டி. இந்த இடத்தில் இரவு முழுவதும் ஒரு மூலையில் பேட்டரி சார்ஜ் ஆகிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மேலே தங்கும் விடுதி, கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையம் என்றிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 8 பேர் மாண்டார்கள். ஸ்கூட்டர் பேட்டரி பெரியது, நம் கல்லாவில் உள்ள செல் சிறியது என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே லித்தியம் குடும்பம். எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் நெருப்பு விழ ஒரு சிறு செல்லே போதுமல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இதில் தூங்கிவிடவில்லை. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் பிறந்தது. பின்னர் ரீசார்ஜ் செல், பேட்டரி, பவர் பேங்க் ஆகியவையும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. செல்லுக்கும் பேட்டரிக்கும் ஐ.எஸ். 16046, பவர் பேங்க்குக்கு ஐ.எஸ். 13252 என்பவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர எண்கள். சரக்கின் மேல் அந்த முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் நம் போனிலேயே பார்த்துக் கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தின் 17-வது பிரிவு, கட்டாய முத்திரைக்கு உட்பட்ட பொருளை முத்திரையின்றித் தயாரிப்பதை மட்டுமல்ல, விற்பதையும் விற்பனைக்காக இருப்பு வைப்பதையும் காட்சிக்கு வைப்பதையுமே தடுக்கிறது. "நான் தயாரிக்கவில்லையே" என்று கையை விரிக்க முடியாது.

இ-சிகரெட் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. தமிழ்நாடு 2018-லேயே தடை விதித்தது. 2019-ல் மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்தது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதே தனிக் குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். இன்று பேனா போலவும் பென் டிரைவ் போலவும் இக்கருவிகள் வருகின்றன. "புது ஃபேன்சி ஐட்டம், வைத்துப் பாருங்கள், விற்றால் பணம் கொடுங்கள்" என்று யாராவது பை நிறையக் கொண்டு வந்தால், பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்துவிடாதீர்கள்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

இதை எழுதும்போதே உறுப்பினர்கள் சிலர் சொல்லப் போகும் பதில்கள் காதில் விழுகின்றன.

"இத்தனை நாள் விற்றோம், ஒன்றும் ஆகவில்லையே?" மெய்தான். பெரும்பாலான செல்கள் தீப்பிடிப்பதில்லை. தகுந்த கருவிக்குள் தகுந்த காவலோடு கோடிக்கணக்கான செல்கள் ஒழுங்காக உழைக்கின்றன. ஆனால் சோதனைச் சாலையும் பொறியாளர் கூட்டமும் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளே தடுமாறியிருக்கின்றன. 2016-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போனைப் பேட்டரிக் கோளாறால் உலகம் முழுவதும் திரும்பப் பெற்று, தயாரிப்பையே நிறுத்தியது. 2025 ஜூனில் ஆங்கர் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்க்குகளைத் திரும்ப அழைத்தது. அவர்களால் திரும்பப் பெற முடிந்தது, ஏனென்றால் எந்தச் சரக்கு எந்த மாடல் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. பெயரில்லாத செல்லைப் பில்லில்லாமல் விற்ற நாம் யாரிடம் போய்த் திரும்பக் கேட்போம்?

"நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்." இது நியாயமான கவலை. அதனால்தான் தனித்தனியாக அல்ல, சங்கமாகச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறேன். ஒரு தெருவில் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. தவிர, ஒரு செல்லில் நமக்கு நிற்கும் லாபம்தான் எவ்வளவு? ஒரு டீச் செலவுக்குக் காணுமா? அதற்காகக் கடையையும் குடும்பத்தையும் பணயம் வைப்பதா?

"இணைய வணிகத்தில் எல்லாம் கிடைக்கிறதே, சட்டம் சில்லறைக் கடைக்கு மட்டும்தானா?" இந்தக் கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன். எனினும் 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகளிலேயே பி.ஐ.எஸ். அதிகாரிகள் சோதனை நடத்தி, முத்திரையில்லாப் பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். இது ஒரு நாள் கூத்தாக நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்று நாம் குரல் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் குரல் கொடுக்கும்போது நம் கடை சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடி வீட்டிலிருந்து கொண்டு கல்லெறிய முடியாது.

"அதிகாரிகள் இதைச் சாக்காக வைத்து நம்மைத் தொல்லை செய்வார்கள்." செய்யக் கூடும். முத்திரையுள்ள சரக்கும் கையில் பில்லும் இருந்தால் எந்தத் தொல்லையையும் நிமிர்ந்து நின்று சந்திக்கலாம்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. உதிரி லித்தியம் செல் விற்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். கேட்கும் வாடிக்கையாளருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். டார்ச்சுக்குச் சாதாரண டார்ச் செல் அல்லது சார்ஜ் ஆகும் பகுதி உள்ளேயே பொருத்தப்பட்ட முத்திரையுள்ள டார்ச் கொடுங்கள்.

2. பவர் பேங்க், சார்ஜர் கொள்முதல் செய்யும்போது தர எண்ணும் பதிவு எண்ணும் பார்த்து, செயலியில் சரிபார்த்து, ஜி.எஸ்.டி. பில்லோடு மட்டும் வாங்குங்கள். பதிவு எண்ணைப் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

3. உப்பிய, நசுங்கிய, கீழே விழுந்து அடிபட்ட, உறை கிழிந்த பேட்டரியை யாருக்கும் தள்ளுபடி விலைக்குக் கூடக் கொடுக்காதீர்கள்.

4. இருப்பிலுள்ள பேட்டரிச் சரக்கை வெயில் படும் ஷோகேஸிலோ, எண்ணெய், கற்பூரம், பட்டாசுப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

5. கடையைப் பூட்டிய பின் எதுவும் சார்ஜில் இருக்கக் கூடாது. டெலிவரிப் பையன்களின் மின்சார ஸ்கூட்டரை வாசல்படியிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போட விடாதீர்கள்.

6. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் தனியே பிரித்துச் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை செல்லின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.

7. சிறு பேட்டரி புகைய ஆரம்பித்தால் கையால் எடுக்காதீர்கள். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். செல் குளிர வேண்டும் என்பதுதான் முக்கியம். புகை விஷம். தீ அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள். சரக்கைக் காப்பாற்ற உள்ளே ஓடாதீர்கள்.

சங்கத்துக்கும் அரசுக்கும் வேண்டுகோள்

முதலாவதாக, அடுத்த பொதுக்குழுவில் உதிரி லித்தியம் செல்லை உறுப்பினர்கள் விற்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதை அட்டையில் அச்சிட்டு எல்லாக் கடைகளுக்கும் வழங்க வேண்டும். "இங்கு உதிரி லித்தியம் செல் விற்கப்படாது" என்ற ஒரு வரி போதும்.

இரண்டாவதாக, மொத்த வியாபாரிகளான நம் சகோதரர்கள் முத்திரையில்லாச் சரக்கைத் தங்கள் கிடங்கிலேயே நிறுத்த வேண்டும். கிடங்கில் நின்றால் நூறு கடைகள் தப்பிக்கும். ஏற்கெனவே சில்லறைக் கடைகளுக்குப் போய்விட்டதைத் திரும்ப எடுத்துக் கொள்ளவும் முன்வர வேண்டும். அந்த நஷ்டத்தைச் சிறு கடைக்காரர் மட்டும் தாங்குவது நியாயமல்ல.

மூன்றாவதாக, அரசுக்கு. துறைமுகத்தில் இறங்கும்போதே தடுக்க வேண்டிய சரக்கை, பெட்டிக் கடையில் வந்து தேடுவதில் பயனில்லை. இறக்குமதியாளரை முதலில் பிடியுங்கள். பில்லோடு வாங்கிய சில்லறைக் கடைக்காரரை முதல் முறை எச்சரித்து, சரக்கை எடுத்துச் சென்று, பில்லைக் கொண்டு மேலே போங்கள். செல்லின் மேல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்ற ஆம்பியர் அளவையும் சாமானியருக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். எடைக்கு இருக்கும் கண்டிப்பு இதற்கும் வரட்டும்.

ஒரு படியில் மட்டமாகத் தலை தட்டி அளந்து கொடுத்துத்தான் நம் முன்னோர்கள் ஊரில் நம்பிக்கை சம்பாதித்தார்கள். இன்று படி மாறியிருக்கிறது. வாட், ஆம்பியர் என்று பெயர் மாறியிருக்கிறது. அளவு தெரியாத சரக்கை அளந்ததாகச் சொல்லி விற்பது அன்றும் தவறு, இன்றும் தவறு. இன்றே கல்லாப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அந்தப் பாட்டிலில் உதிரிச் செல் கிடந்தால், அடுத்த வாடிக்கையாளர் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.